ஓடு மாற்றிய கொட்டாரமும் ஓடு மாற்றாத கொட்டாரமும்

அழிந்த தலைநகரம் ஒன்றைப் பார்க்கவேண்டும் என்று கிளம்புகிற தமிழர் பெரும்பாலும் ஹம்பிக்கு ரயில் ஏறுகிறார். 1565இல் தலைக்கோட்டைப் போருக்குப் பின் கொள்ளையும் தீயும் கண்ட விஜயநகரம், அங்கே இன்றும் கல்லாகக் கிடக்கிறது. தக்கலையில் பேருந்தை விட்டு இறங்குகிறவருக்கு அப்படி ஒரு காட்சி கிடைக்காது. கடைத்தெருவும் கல்குளம் தாலுகா அலுவலகமும், நாகர்கோவிலையும் திருவனந்தபுரத்தையும் இணைக்கும் நெடுஞ்சாலையும்தான் கண்ணில் படும். ஆனால் இந்த ஊரிலிருந்து ஆறேழு கிலோமீட்டருக்குள் பின்னாளில் திருவிதாங்கூராக வளர்ந்த வேணாட்டின் அரசர்கள் அடுத்தடுத்து இருந்து ஆண்ட மூன்று இடங்கள் இருக்கின்றன: திருவிதாங்கோடு, இரணியல், கல்குளம் என்னும் பத்மநாபபுரம். அவற்றுக்குக் காவலாக எழுந்த உதயகிரிக் கோட்டையும் சாலையோரத்திலேயே இருக்கிறது. காலையில் தொடங்கினால் மாலைக்குள் நான்கையும் பார்த்துவிடலாம்.

மூன்று அரசிருக்கைகளும் இன்று மூன்று நிலையில் இருக்கின்றன. திருவிதாங்கோட்டில், பார்த்து நிற்கும்படியான கொட்டாரம் (அரண்மனை) எதுவும் மிச்சமில்லை. இரணியலில் கொட்டாரம் நெடுங்காலம் கூரையிழந்து கிடந்தது. பத்மநாபபுரத்தில் மரம், ஓடு, தரை, ஓவியம் எல்லாமே முழுதாக நிற்கின்றன. மூன்றுமே ஏறத்தாழ ஒரே வகைப் பொருளால், ஒரே மழைக்குக் கீழே கட்டப்பட்டவை. எந்தப் படையும் வந்து இவற்றைத் தரைமட்டமாக்கவில்லை. அப்படியிருக்க ஒன்று பிழைத்து மற்றவை போனது எதனால் என்பதுதான் இந்த ஒரு நாள் பயணத்தில் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட கேள்வி.

முதலில் இந்த இடத்தை ஏன் தேர்ந்தார்கள் என்பதைப் பார்க்கவேண்டும். கன்னியாகுமரி மாவட்டம் முழுவதையும் இன்று நாஞ்சில் நாடு என்று சொல்லிவிடுகிறோம். பழைய வழக்கில் அது தோவாளை, அகத்தீஸ்வரம் பகுதிகளைத்தான் குறித்தது. பழையாறு பாயும் வயல்கள் நிறைந்த அந்த நெல் நாட்டுக்கு மேற்கே, வேளிமலையின் அடிவாரத்தில் இருக்கிறது கல்குளம். மேற்குத் தொடர்ச்சி மலை கடலை நெருங்கும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத்தான் பாண்டிய நாட்டிலிருந்து வணிகரும் வந்தார்கள், படைகளும் வந்தன. நெல்லுக்குப் பக்கத்தில், கணவாயிலிருந்து ஒரு நாள் நடைக்குள், மலையை முதுகுப்புறம் வைத்துக்கொண்டு இருக்கவேண்டும் என்று நினைத்த அரசனுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைத்திருக்காது.

படைகள் வந்துகொண்டுதான் இருந்தன. 17ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் திருமலை நாயக்கரின் படையை எதிர்த்துக் கணியாகுளத்தில் போரிட்டு மாண்ட இரவிக்குட்டிப் பிள்ளை, தக்கலைக்குப் பக்கத்திலுள்ள கேரளபுரத்துக்காரர். அவருடைய கதை நெடும் கதைப்பாடலாகத் தென்குமரியில் தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்டது. பின்னர் 1690களில் ராணி மங்கம்மாள் திறை கேட்டுப் படை அனுப்பியபோது, வேணாட்டு அரசர் அந்தப் படையைக் கல்குளம் கோட்டைக்குள் நுழையவிட்டு உள்ளேயே வளைத்து அழித்தார் என்று அக்கால இயேசு சபையினரின் கடிதங்களை வைத்து வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அந்தக் கோட்டை அப்போது மண்கோட்டை. இன்று நாம் பார்க்கும் கருங்கல் மதில் அதற்குப் பிந்தியது.

காலை நடையைத் திருவிதாங்கோட்டில் தொடங்குவது நல்லது. தக்கலையிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். ஒரு பெரிய அரசுக்கே பெயர் கொடுத்த ஊர் இது. ஆங்கிலேயர் எழுதிய டிராவன்கூர், நாம் சொல்லும் திருவிதாங்கூர் இரண்டும் இங்கிருந்து போனவையே. ஊருக்குள் நடந்தால் மகாதேவர் கோயிலும் அரப்பள்ளி என்று அழைக்கப்படும் பழைய கல் தேவாலயமும் பள்ளிவாசலும் தென்படும். கி.பி. 63இல் புனித தோமையார் நிறுவியது அரப்பள்ளி என்பது அங்குள்ளோரின் நம்பிக்கை. கோயிலில் சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் தனித்தனிச் சன்னிதிகள் இருக்கின்றன. கல்லால் கட்டிய வழிபாட்டிடங்கள் எல்லாம் தங்கிவிட்டன. மரத்தால் கட்டிய அரசிருக்கை போய்விட்டது.

இந்த ஊரிலிருந்து கிடைத்த கல்வெட்டு ஒன்றை இங்கே சொல்லாமல் போகமுடியாது. கொல்லம் ஆண்டு 871, அதாவது கி.பி. 1696இல் பொறிக்கப்பட்டது. வேணாட்டில் புலப்பேடி, மண்ணாப்பேடி என்று இரண்டு வழக்கங்கள் இருந்தன. ஆண்டில் குறிப்பிட்ட காலத்தில், இருட்டிய பிறகு தனியே வெளியே வந்த மேல்சாதிப் பெண்ணைப் புலையரோ வண்ணாரோ தொட்டுவிட்டால் அல்லது கல்லெறிந்து அது அவள்மேல் பட்டுவிட்டால், அவள் சாதியை இழந்து அவர்களோடு போகவேண்டும். அந்த வழக்கத்தைத் தடை செய்து, மீறுவோருக்குக் கடுமையான தண்டனையை அறிவிக்கிறது இந்தக் கல்வெட்டு. அரசாணையின் பாதுகாப்பு யாருக்கு, தண்டனை யாருக்கு என்று பார்த்தாலே அன்றைய சமூகம் எப்படி அடுக்கப்பட்டிருந்தது என்பது தெரிந்துவிடும். தலைநகரம் என்றால் மாளிகை மட்டும்தான் என்று நினைக்கிறவர்கள் இந்தக் கல்லை அவசியம் எண்ணிப்பார்க்கவேண்டும். இங்கே உட்கார்ந்து எழுதிய ஆணைகள் யாருடைய முதுகில் விழுந்தன என்பதற்கு மாளிகையில் சாட்சி இருக்காது, கல்வெட்டில் இருக்கிறது.

அங்கிருந்து தெற்கே இரணியல். வேலுத்தம்பி தளவாய் பிறந்த தலக்குளம் இதற்குப் பக்கத்தில்தான். இரணியல் கொட்டாரத்தில் படிப்புரை, குதிரை மாளிகை, வசந்த மண்டபம் என்று மூன்று பகுதிகளைச் சொல்வார்கள். வசந்த மண்டபத்தில் ஒற்றைக் கல்லில் குடைந்த கட்டில் ஒன்று இருக்கிறது. சேரமான் பெருமாள் இதில் படுத்திருந்தபடியே மேலுலகம் போனார் என்பது ஊர்க்கதை. அரசர்கள் கல்குளத்துக்குப் பெயர்ந்த பிறகும் அரச குடும்பத்தின் இருப்பிடங்களில் ஒன்றாக இது கொஞ்சகாலம் இருந்தது. பிறகு யாருக்கும் வேண்டாததாயிற்று.

இந்த மண்ணில் ஒரு மரவீடு எப்படிச் சாகும் என்பதை இரணியலைப் பார்த்தால் படிக்கலாம். இங்கே ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். ஜூனில் தென்மேற்குப் பருவமழையும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையும் வந்துவிடும். இடைவெளியிலும் காற்றில் ஈரம் வற்றாது. கூரையில் ஓர் ஓடு நழுவினால் போதும். அந்த வழியாக இறங்கும் தண்ணீர் முதலில் ஓடு தாங்கும் பட்டியலை ஊறவைக்கும். அதன்பின் கழுக்கோல் உளுக்கும், கழுக்கோல் சரிந்தால் அதைச் சுற்றியுள்ள ஓடுகள் மொத்தமாக விழும். அதுவரை நிழலில் இருந்த உத்தரத்தில் நேராக மழை அடிக்கும். ஈரமான மரத்துக்கு அடியிலிருந்து கறையான் ஏறும். சுவரும் இதற்கு விலக்கல்ல. செம்மண்ணும் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய சுவருக்குக் கூரைதான் குடை. அது போனபின் சுவர் உச்சியில் ஆலோ அரசோ முளைத்து, வேர் விட்டுப் பிளந்துவிடும். தேக்கும் பலாவும் இருநூறு முந்நூறு ஆண்டு நிற்கும் மரங்கள்தான், ஆனால் நனையாமல் இருந்தால். நனையவிட்டால் ஒரு மனிதர் தன் வாழ்நாளிலேயே ஒரு கொட்டாரம் மண்மேடாவதைப் பார்த்துவிடலாம்.

கல் தலைநகரம் கைவிடப்பட்டால் இடிபாடு கிடைக்கும். மரத் தலைநகரம் கைவிடப்பட்டால் இடிபாடுகூட மிஞ்சாது. இந்த வேறுபாடு நம் வரலாற்றையே கோணலாக்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தமிழ்நாட்டில் சோழர், பாண்டியர், பல்லவர் கட்டிய கோயில்கள் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. அவர்கள் உண்டு உறங்கி வழக்குக் கேட்ட மாளிகை ஒன்றேனும் நிற்கிறதா? கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திரன் எழுப்பிய கோயிலின் விமானம் ஆயிரம் ஆண்டுகளாக வானத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அவனுடைய அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் தோண்டியபோது செங்கல் அடித்தளங்களும் ஓடுகளும்தான் கிடைத்தன. கடவுளுக்குக் கல், மனிதருக்குச் செங்கல்லும் மரமும் என்பது அந்நாளைய முறை. அதனால் நம் மன்னர்களைக் கோயில் கட்டியவர்களாக மட்டுமே நாம் அறிகிறோம். அவர்கள் எந்த உயரக் கூரையின் கீழ் உட்கார்ந்தார்கள், அமைச்சரோடு பேசும் அறைக்கு வெளிச்சம் எப்படி வந்தது, அரண்மனைப் பெண்கள் எந்தச் சாளரம் வழியாக வீதியைப் பார்த்தார்கள் என்பதற்கெல்லாம் விடையில்லை.

உலகின் வேறு மர நாடுகளிலும் இதே கதைதான். ஜப்பானின் நாரா நகரம் 710 முதல் 784 வரை தலைநகரமாக இருந்தது. பேரரசர் வேறிடம் போனதும் அந்த ஹெய்ஜோ அரண்மனை நெல்வயலாகிவிட்டது. இருபதாம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் வயலுக்கடியில் தூண் நட்ட குழிகளை வைத்துத்தான் அரண்மனையின் வரைபடத்தை மீட்டார்கள். அதே நாட்டில் ஈசே ஆலயத்தை இருபது ஆண்டுக்கொருமுறை புது மரத்தில் திரும்பக் கட்டுகிறார்கள். ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளாக அது பிழைத்திருப்பது அப்படித்தான். மரம் நீடிப்பது அதன் வலுவால் என்பதைவிட, விடாமல் வந்துகொண்டிருக்கும் கைகளால் என்று சொல்வதே சரி.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு பத்மநாபபுரத்துக்குள் நுழைய வேண்டும். திங்கட்கிழமை விடுமுறை, மற்ற நாட்களில் மதிய உணவு நேரத்தில் கொஞ்ச நேரம் அடைப்பார்கள். ஆகவே முற்பகலிலேயே போய்விடுவது உத்தமம். தக்கலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர். ஏறத்தாழ 186 ஏக்கர் பரப்பை வளைத்து நிற்கும் கோட்டை மதிலுக்குள் ஒரு நகரமே வாழ்கிறது. வீடுகளும் தெருக்களும் நீலகண்டசுவாமி கோயிலும் அதன் தெப்பக்குளமும் உண்டு. அரண்மனை வளாகம் அதற்குள் ஆறரை ஏக்கர் அளவு.

1601ஆம் ஆண்டை ஒட்டி இரவிவர்ம குலசேகரப் பெருமாள் இங்கே அரண்மனையைத் தொடங்கினார் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. வளாகத்திலேயே பழையதாகக் கருதப்படும் தாய்க் கொட்டாரம் அதற்கும் அரை நூற்றாண்டு முந்தியது, சுமார் 1550ஐச் சேர்ந்தது என்கிறார்கள். இன்றைய வடிவம் பெரும்பாலும் 1729 முதல் 1758 வரை ஆண்ட அனுஷம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவுடையது. கல்குளத்துக்குப் பத்மநாபபுரம் என்று 1744இல் பெயரிட்டவரும் அவரே. 1750இல் தன் உடைவாளைத் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமியின் படியில் வைத்து நாட்டையே இறைவனுக்கு எழுதிக்கொடுத்தார். அதன்பின் அரசர்கள் பத்மநாப தாசர்கள் என்ற பெயரில் ஆண்டார்கள். அந்தச் செயலில் பக்தியும் இருந்தது, கூர்மையான அரசியலும் இருந்தது. அரசை எதிர்த்த எட்டுவீட்டுப் பிள்ளைமாரை ஒழித்து, வடக்கே காயங்குளமும் அம்பலப்புழையும் தெக்கும்கூறும் வடக்கும்கூறும் என்று குறுநாடுகளை வென்று சேர்த்த ஒருவர், இனி இந்த நாட்டை எதிர்ப்பது கடவுளை எதிர்ப்பதாகும் என்று ஆக்கிவிட்டார்.

முகப்பில் பூமுகம். தாழ்ந்திறங்கும் கூரையின் கீழ் நுழைந்து தலை நிமிர்ந்தால் மரக்கூரை முழுக்கப் பூக்கள். தொண்ணூறு வகை என்று வழிகாட்டிகள் கணக்குச் சொல்வார்கள். எந்தத் திசையில் திருப்பினாலும் நிலைபிசகாமல் நிற்கும் குதிரை விளக்கு, சங்கிலியில் தொங்குகிறது. மேலே மந்திரசாலை. மரச் சட்டங்களுக்கிடையே வடிகட்டி வரும் ஒளியும், வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே நிற்கும் குளிர்ச்சியும், அமைச்சர்களோடு நெடுநேரம் பேசுவதற்கென்றே செய்யப்பட்டவை. தரை கண்ணாடிபோல் கறுத்து மினுங்கும். சுட்ட சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெண்கரு முதலானவற்றைச் சேர்த்து இழைத்த தரை என்பார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ தேய்த்துக்கொண்டே இருந்திருக்காவிட்டால் இந்த மினுக்கம் இவ்வளவு நாள் வந்திருக்காது.

தாய்க் கொட்டாரம் நாலுகெட்டு. நடுவே திறந்த முற்றம், நான்கு பக்கமும் சரிந்திறங்கும் கூரை, மழை முற்றத்தில் விழுந்து வடியும். அதன் ஏகாந்த மண்டபத்தில் பலாமரத் தூண் ஒன்று அடியிலிருந்து உச்சிவரை செதுக்கப்பட்டு நிற்கிறது. அரசனுடைய அரண்மனை என்றாலும் இந்தப் பகுதி ஒரு பெரிய தறவாட்டு வீட்டின் அளவுதான். இங்கே அரசு என்பது வீட்டிலிருந்து வளர்ந்திருக்கிறது. ஐரோப்பிய அரண்மனைகளின் படங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தத் தாழ்ந்த வாசல்களும் குறுகிய படிகளும் ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு இதுதான் இந்த இடத்தின் பெரும் செல்வமாகத் தோன்றுகிறது. மாளிகைமேட்டில் மண்ணுக்கடியில் போய்விட்ட வாழ்க்கைமுறை, முழுக்க இதுவே என்று சொல்லமுடியாவிட்டாலும், எந்த வகையில் இருந்திருக்கும் என்று ஊகிக்க நமக்கு இருக்கும் மிகச் சில வாய்ப்புகளில் இது ஒன்று.

நான்கு அடுக்குள்ள உப்பரிகை மாளிகை மார்த்தாண்ட வர்மாவின் கட்டுமானம். கீழே கருவூலம். அதன் மேலே மூலிகை மரங்களால் செய்த கட்டில் இருக்கும் அரசரின் பள்ளியறை. உச்சியில் பத்மநாபனுக்கென ஒதுக்கிய அறை, அதன் சுவர்கள் முழுக்க ஓவியம். நாட்டின் உரிமையாளர் கடவுள் என்றால் அரண்மனையின் மிக உயர்ந்த அறையும் அவருக்குத்தானே. 1750இல் செய்த அறிவிப்பை மரத்திலும் சுதையிலும் அப்படியே அடுக்கிக் காட்டியிருக்கிறார்கள். ஊட்டுப்புரையின் நீண்ட கூடத்தில் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான பிராமணர்களுக்கு உணவிட்டதாகச் சொல்வார்கள். அந்த நெல் நாஞ்சில் வயல்களிலிருந்து வந்தது. பரளியாற்றில் புத்தன் அணை கட்டி, பத்மநாபபுரம் புத்தனாறு என்ற கால்வாயை வெட்டி இந்தப் பக்கத்து நிலங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்ததும் மார்த்தாண்ட வர்மாவின் காலத்தில்தான். அரண்மனையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் அந்தக் கால்வாயைப் பார்ப்பதில்லை. தலைநகரத்தின் சமையற்கட்டு அதில்தான் ஓடியது.

கார்த்திகைத் திருநாள் ராமவர்மாவின் காலத்தில், 1795இல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போனது. காரணம் நிலப்படத்திலேயே இருக்கிறது. நாடு கொச்சி எல்லைவரை நீண்டுவிட்டபின் கல்குளம் தெற்கு மூலையில் ஒதுங்கிவிட்டது. மதுரை நாயக்கர் ஆட்சி 1730களிலேயே முடிந்ததால் ஆரல்வாய்மொழியிலிருந்து வரும் பயம் குறைந்தது. 1789 டிசம்பரில் திப்பு சுல்தானின் படை வடக்கே நெடுங்கோட்டையைத் தாக்கியது. ஆபத்து வரும் திசை மாறியபோது அரசனும் இடம் மாறினான். எதிரி துரத்தியதால் போன தலைநகரம் அல்ல இது. வளர்ந்து போன நாடு விட்டுவிட்டுப் போன தலைநகரம்.

இங்கேதான் இரணியலுக்கும் பத்மநாபபுரத்துக்கும் விதி பிரிகிறது. அரசர் போன பிறகும் பத்மநாபபுரத்துக்கு வேலை இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூரின் தென்பகுதி நிர்வாகப் பிரிவு பத்மநாபபுரத்தின் பெயரில் நடந்தது. அதைவிட முக்கியமானது நவராத்திரி. அரண்மனை வளாகத்திலிருக்கும் தேவாரக்கெட்டு சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை ஆகிய மூவரும் ஒவ்வோர் ஆண்டும் நவராத்திரிக்கு ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போய்வருகிறார்கள். கம்பர் வழிபட்ட சரஸ்வதி இவள் என்பது இங்குள்ள நம்பிக்கை. முன்பு அரசர் உடனிருந்து நடத்திய பூசை இங்கே பத்மநாபபுரத்தில் நடந்தது. அரசர் அங்கே போய்விட்டதால் தெய்வங்கள் அங்கே போகவேண்டியதாயிற்று. புறப்படும் முன் உப்பரிகை மாளிகையில் இருக்கும் அரசரின் உடைவாளை எடுத்து ஒப்படைக்கும் சடங்கு நடக்கும். இப்போது அதில் இரு மாநிலங்களின் அமைச்சர்களும் அதிகாரிகளும் நிற்கிறார்கள், இரு மாநிலக் காவல் துறையும் மரியாதை செய்கிறது. ஆண்டுக்கு ஒருமுறையாவது வாள் எடுக்க அந்த மாடிப்படி ஏறவேண்டும் என்றால் அந்த மாடிப்படி இருந்தாகவேண்டும். அதற்கு மேலுள்ள கூரை ஒழுகாமல் இருக்கவேண்டும்.

அடுத்து வந்தது தொல்லியல். அரசர் சித்திரைத் திருநாளின் ஆட்சியில், 1930களில் திருவிதாங்கூர்த் தொல்லியல் துறை இந்த அரண்மனையைச் சீரமைத்து அருங்காட்சியகமாக்கியது. துறைக்குத் தலைமை வகித்த ஆர். வாசுதேவப் பொதுவாள் அதில் பெரும்பங்கு வகித்தார். அவரும் ஸ்டெல்லா கிராம்ரிஷும் ஜே.எச். கசின்ஸும் சேர்ந்து எழுதிய திருவிதாங்கூர்க் கலைகள் பற்றிய நூல் 1948இல் வந்தது. அந்தத் தலைமுறை மட்டும் இதை வெறும் பழைய வீடு என்று நினைத்திருந்தால், பத்மநாபபுரமும் இரணியல் போன வழியில்தான் போயிருக்கும்.

பிறகு எல்லை மாறியது. 1954 ஆகஸ்ட் 11 அன்று புதுக்கடையிலும் தொடுவெட்டியிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியான, தமிழ்நாட்டோடு சேரக் கோரிய போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நிலம் இங்கே வந்தது, அரண்மனை கேரள அரசின் பொறுப்பிலேயே நின்றது. தமிழ்நாட்டுக்குள் இருக்கும் ஒரு கட்டடத்தைக் கேரளத் தொல்லியல் துறை பராமரிக்கிறது. இது நம் மாநிலத்துக்குக் குறைவு என்று கோபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தால் அந்தக் கோபம் தணிந்துவிடும் என்று நினைக்கிறேன். தச்சு வேலையும் ஓட்டுக்கூரையும் தெரிந்த ஒரு துறை அதைத் தொடர்ந்து கவனித்து வந்திருக்கிறது. 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலிலும் இந்த அரண்மனை இடம்பெற்றது. அதைச் சுற்றியுள்ள கோட்டை மதிலின் நிலையோ வேறு. சில இடங்களில் சரிந்தும், கல்லிடுக்குகளில் செடி முளைத்தும் நிற்கிறது.

மாலையில் உதயகிரி. புலியூர்க்குறிச்சியில் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கும் இந்தக் கோட்டை சுமார் தொண்ணூறு ஏக்கர். நடுவே ஒரு குன்று. 1741 ஆகஸ்ட் 10இல் குளச்சலில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை மார்த்தாண்ட வர்மா தோற்கடித்தபோது பிடிபட்டவர்களில் ஒருவர் யூஸ்டாக்கியஸ் டி லனாய். அவரை அரசர் தன் படைக்கே பயிற்சியாளராக்கினார். வலிய கப்பித்தான் என்று ஊர் அழைத்த அவர் உதயகிரியைக் கருங்கல்லில் வலுப்படுத்தினார், இங்கேயே பீரங்கி வார்க்கும் பட்டறையும் இயங்கியது. அரண்மனை ஊழியராக இருந்த நட்டாலம் நீலகண்டப் பிள்ளைக்குக் கிறிஸ்தவத்தை அறிமுகப்படுத்தியவரும் டி லனாய்தான். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆன அவர், 1752இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். 2022 மே 15இல் வத்திக்கான் அவரைப் புனிதராக அறிவித்தது.

டி லனாய் 1777இல் உதயகிரியில் இறந்தார். கூரையில்லாத சிற்றாலயத்துக்குள் அவருடைய கல்லறை இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும் பொறித்திருக்கிறார்கள். மனைவியும், களக்காட்டுப் போரில் இளம்வயதில் மாண்ட மகனும் பக்கத்திலேயே அடக்கம். 1809இல் வேலுத்தம்பியின் கிளர்ச்சியை அடக்க ஆரல்வாய்மொழியைக் கடந்து வந்த ஆங்கிலேயக் கம்பெனிப் படையிடம் உதயகிரியும் பத்மநாபபுரமும் எதிர்ப்பின்றியே வீழ்ந்தன. அதற்கு முன்பே அரசும் கருவூலமும் வடக்கே போயிருந்ததால், பெரும் கொள்ளைக்கும் அழிவுக்கும் இங்கே இடமில்லாமல் போனது என்று நான் கருதுகிறேன். இன்று கோட்டை வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. குழந்தைகள் மான் பார்க்க வருகிறார்கள். பீரங்கி வார்த்த இடத்தையும் கல்லறையையும் தேடி வருகிறவர்கள் குறைவு.

நான்கு இடங்களையும் ஒரே நாளில் பார்ப்பதில் ஒரு நன்மை, தனித்தனியே பார்த்தால் தெரியாத தொடர்பு தெரியவரும். அந்தத் தொடர்பைக் காலங்காலமாக அறிந்தவர்கள் சிவாலய ஓட்டக்காரர்கள். மகாசிவராத்திரியை ஒட்டி முஞ்சிறையில் தொடங்கி நட்டாலம் வரை பன்னிரண்டு சிவாலயங்களுக்கு, கையில் விசிறியோடு, கோவிந்தா கோபாலா என்று முழங்கி ஓடுகிறார்கள். ஏழாவது கல்குளம், எட்டாவது மேலாங்கோடு, ஒன்பதாவது திருவிடைக்கோடு, பத்தாவது திருவிதாங்கோடு. பழைய அரசிருக்கைகள் இரண்டு இந்த ஓட்டத்தின் தடத்திலேயே இருக்கின்றன. சுற்றுலாத் துறையின் பலகைகளோ ஒவ்வோர் இடத்தையும் தனித்தனித் தீவாகக் காட்டுகின்றன. அரண்மனைக்கு ஒரு துறை, மதிலுக்கு ஒன்று, உதயகிரிக்கு வனத்துறை, இரணியலுக்கு இந்து சமய அறநிலையத் துறை.

அந்த இரணியலில் அண்மை ஆண்டுகளில் அறநிலையத் துறை சீரமைப்பை எடுத்துக்கொண்டிருப்பது மகிழ்ச்சி. கூடவே ஒரு கவலையும் உண்டு. மரக் கட்டடத்தைச் சிமென்ட் தெரிந்தவர்கள் தொட்டால், இடிந்ததைவிட மோசமான ஒன்று எழுந்துவிடும். எஞ்சியிருக்கும் ஒவ்வோர் உத்தரமும் கதவுநிலையும் இருந்த இடத்தைக் குறித்து அளவெடுத்து வரைந்த பிறகே எதையும் அகற்றவேண்டும். புது மரம் போடும்போது எது பழையது, எது புதியது என்று தெரியும்படி விடவேண்டும். ஊரில் முதியவர்கள் எந்த அறையை என்ன சொல்லி அழைத்தார்கள் என்பதையும் இப்போதே எழுதிவைக்கவேண்டும். நவராத்திரி வாளுக்காக ஆண்டுதோறும் ஒரே மாடிப்படியில் நிற்கத் தெரிந்த இரண்டு அரசுகளுக்கு, பத்மநாபபுரத்தில் வேலை தெரிந்த ஆசாரிமாரையும் பராமரிப்புக் குறிப்புகளையும் ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி இரணியலுக்கு அனுப்புவது பெரிய காரியமில்லை. பணி முடிந்தபிறகு, வருடாந்தரம் மே மாதத்தில் ஏணி வைத்துக் கூரையேறி ஓடு பார்ப்பதற்கென்று நிரந்தரமாக ஆளும் சம்பளமும் ஒதுக்கவேண்டும். ஜூன் முதல் வாரத்தில் மழை வந்துவிடும்.